மூன்று வருடத்துக்கு ஒரே உரம் என்று சொல்லி 23,600 ரூபாயைப் பறித்துக்கொண்டார்கள்

நேற்று மாலை அடித்து முடித்த சம்பா கோதுமையைத் தராசில் ஏற்றினோம். ஒன்றரை ஏக்கருக்கு 3 குவிண்டால், அதுவும் உமியோடு. இதே நிலத்தில் முன்பு 11, 12 என்று எடுத்தவள் நான். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கோத்தகிரிப் பக்கமோ வேறு மலைப்பக்கமோ யாராவது இந்த வலையில் விழ இருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விவசாய இடுபொருள்களைக் கைபேசிச் செயலி வழியாக விற்கும் நிறுவனம் அது. புகார் கொடுத்திருப்பதால் பெயரை இப்போது போடவில்லை. 2022 அக்டோபரில் அவர்களிடம் "மூன்று வருட மண்வளத் திட்டம்" என்ற ஒன்றை வாங்கினேன். 20 கிலோ மூட்டை 12, வருடத்துக்கு 4 வீதம். 23,600 ரூபாயையும் ஒரே தவணையில் கட்டினேன்.

ஏன் நம்பினேன்? ஆள் நேரில் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு செம்மண் கட்டியை எடுத்து உள்ளங்கையில் பொடித்தார். "அக்கா, உங்கள் மண்ணில் மணிச்சத்து நிறைய இருக்கிறது. இரும்பும் அலுமினியமும் அதைப் பூட்டி வைத்திருக்கின்றன. எங்கள் குருணை அந்தப் பூட்டைத் திறந்துவிடும்" என்றார். நீலகிரி மண் புளித்த மண், அதாவது அமில மண். இங்கே மணிச்சத்து (பாஸ்பரஸ்) அப்படித்தான் சிக்கிக்கொள்ளும் என்று வேளாண் அலுவலகத்திலும் கேட்டிருக்கிறேன். தெரிந்த உண்மையை அவர் வாயால் கேட்டதும், அடுத்து அவர் சொன்னதையும் உண்மை என்றே எடுத்துக்கொண்டேன். அடுத்து என்ன சொன்னார் தெரியுமா? "இனிமேல் தொழு உரமும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். இதோடு கொஞ்சம் யூரியா போடுங்கள், போதும்."

மலையில் விவசாயம் செய்கிறவர்களுக்கு இந்த வார்த்தை எவ்வளவு இனிக்கும் என்று தெரியும். ஒரு லோடு சாணிக்குச் சொல்லும் விலை ஒரு பக்கம் இருக்கட்டும், ரோட்டில் கொட்டியதைச் சரிவில் தலைச்சுமையாக ஏற்ற ஆள் எங்கே கிடைக்கிறது? சுண்ணாம்பு மூட்டைக்கும் அதே கதைதான். மாமா மட்டும் திண்ணையில் இருந்தபடி, "சாணி போடாத நிலம் எத்தனை நாளைக்கம்மா தாங்கும்?" என்று கேட்டார். மாமனார் சொல்லை அன்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் வருடம் 11 குவிண்டால் வந்தது. அந்தத் தம்பி வந்து கதிரோடு என்னைப் படம் எடுத்துப் போய்ச் செயலியில் போட்டார். என் படத்தைப் பார்த்து எத்தனை பேர் பணம் கட்டினார்களோ, அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இரண்டாம் வருடம் 7. தூர் கட்டவில்லை, இளம்பயிரின் இலையில் ஊதா ஓடியது. போன் செய்தேன். "மழை அதிகம் அக்கா, சத்து அடித்துப் போயிருக்கும்" என்றார்கள். பக்கத்துத் தோட்டத்துக்கும் அதே மழைதான், அவர்கள் பயிர் நன்றாக இருக்கிறது என்றேன். "அப்படியானால் துரு நோய்" என்றார்கள். துரு விழுந்தால் இலையைத் தேய்த்த விரலில் ஆரஞ்சுப் பொடி ஒட்டும். என் விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அதைச் சொன்னதும், அளவு போதவில்லை, 6,200 ரூபாய்க்குக் கூடுதல் மூட்டை வாங்குங்கள் என்று ஆரம்பித்தார்கள். நல்லவேளை, வாங்கவில்லை.

இந்த வருடம் ஜனவரியில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். கோதுமை வேர் நூல் நூலாக, வெள்ளையாக இறங்க வேண்டும். இது விரல்கடை நீளத்தில் பழுப்பேறி, தடித்து, முனை கருகி நின்றது. செயலியில் படத்தோடு புகார் போட்டேன். புகார் எண் வந்தது. நான்காம் நாள் "உங்கள் குறை தீர்க்கப்பட்டது" என்று செய்தி வந்தது. யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள்? மறுபடி போட்டால் மறுபடி மூடினார்கள். அக்கா அக்கா என்று பேசிய தம்பியின் எண் இப்போது உபயோகத்தில் இல்லை. அலுவலக எண்ணில் பேசிய பெண், "மண் ஒவ்வொரு இடத்திலும் வேறுபடும், முடிவுகளுக்கு உத்தரவாதம் இல்லை என்று விதிமுறையில் இருக்கிறது மேடம்" என்றார். 23,600 ரூபாய் வாங்கும்போது அந்த விதிமுறையை ஒருவரும் எனக்குப் படித்துக் காட்டவில்லை.

அன்று இரவே குருணையில் ஒரு பிடியைக் கண்ணாடி டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். முதலில் கறுப்புச் சாயம் இறங்கியது. காலையில் பார்த்தால் அடியில் வெளுத்த களிமண் உருண்டைகள். நகத்தால் அழுத்தினால் மாவாகின. மண்ணை அரசு பரிசோதனை நிலையத்தில் கொடுத்தேன். கார அமில நிலை (பி.எச்.) முன்பு 5.5, இப்போது 4.9. இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். சுண்ணாம்பை நிறுத்தி யூரியாவை மட்டும் தொடர்ந்து போட்டதால் புளிப்பு ஏறி, அலுமினியம் கரைந்து வேரைக் கருக்கிவிட்டது என்று அங்கிருந்த அலுவலர் விளக்கினார்.

அப்படியானால் முதல் வருடம் 11 குவிண்டால் எப்படி வந்தது? இதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமை போட்டு, பாத்திக்கு ஒரு உரமாகச் சோதித்து வருகிறார்கள். அதில் உரமே காணாத பாத்தியும் உண்டு. அதுகூட இன்றும் ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஒரு டன் தருகிறது. ஒன்றும் போடாத நிலமே அவ்வளவு கொடுக்குமென்றால், வருடக்கணக்கில் சாணியும் சுண்ணாம்பும் தின்ற என் நிலம் களிமண் உருண்டை போட்டாலும் ஒரு வருடம் விளையாதா? மாமா சுமந்து போட்ட சாணியின் சேமிப்பு அந்த 11 குவிண்டால். அதைத் தங்கள் குருணையின் சாதனை என்று படம் எடுத்துக் காட்டினார்கள், பாவிகள்.

இமாசலப் பிரதேசத்தில் பாலம்பூர் என்ற ஊரும் நம்மைப்போலப் புளித்த மண் உள்ள மலையூர்தான். அங்கே 1972 முதல் மக்காச்சோளமும் கோதுமையும் மாற்றி மாற்றிப் போட்டுச் சோதிக்கிறார்கள். தழைச்சத்தை (யூரியாவில் இருக்கும் நைட்ரஜன்) மட்டும் கொடுத்த பாத்தியில் விளைச்சல் வருடா வருடம் சரிந்து கடைசியில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. தழை, மணி, சாம்பல் (பொட்டாஷ்) மூன்றோடு தொழு உரமோ சுண்ணாம்போ சேர்ந்த பாத்திகள் விளைச்சல் சரியாமல் தாங்கி நின்றன. நம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் 1909 முதல் இப்படி ஒரு நிரந்தர உரச் சோதனை வயல் இருக்கிறது. உரத்தின் குணம் பல வருடங்களில்தான் தெரியும் என்பதற்காகத்தான் இவ்வளவு காலம் காத்திருந்து பார்க்கிறார்கள். ஒரே ஒரு அறுவடைப் படத்தைக் காட்டி என்னிடம் 23,600 ரூபாயை வாங்கிப் போய்விட்டார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. அவசரமாகச் சில. மூட்டையில் தழை, மணி, சாம்பல் சத்து எத்தனை சதவீதம் என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். என் மூட்டையில் இல்லை, வாங்கும்போது நான் பார்க்கவும் இல்லை. ரசீது இல்லாமல் ஒரு கிலோகூட வாங்காதீர்கள். தழையும் மணியும் சேர்ந்த டி.ஏ.பி. உரம் வாங்கினால் நாலைந்து குருணையைச் சுண்ணாம்போடு உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள், மூக்கைத் துளைக்கும் நெடி வர வேண்டும். எந்தப் புது உரத்தையும் முதலில் ஒரு பாத்தியில் மட்டும் போடுங்கள், பக்கத்தில் ஒரு பாத்தியைப் பழையபடி விடுங்கள். சாணியை நிறுத்து, சுண்ணாம்பை நிறுத்து என்று எவன் சொன்னாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறேன். மீதமுள்ள ஒன்றரை மூட்டையை அப்படியே கட்டி மாட்டுக்கொட்டகையில் வைத்திருக்கிறேன். இதே மூன்று வருடத் திட்டத்தை வாங்கியவர்கள் மூட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பணம் கட்டிய செய்தியையும் அழிக்காதீர்கள். எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து கொடுப்போம்.