டீசல் ஸ்விஃப்ட்டுக்கு பிக்கப் வேணும்: டியூனிங் பாக்ஸா, ரீமேப்பா?

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏற 27 கொண்டை ஊசி வளைவுகள். டீசல் ஸ்விஃப்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு வளைவும் ஒரே பாடம்தான். வேகம் விழும், இரண்டாம் கியருக்கு இறக்கி மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது. முள் 2,000 ஆர்பிஎம்மைத் தொட்டதும் யாரோ பின்னாலிருந்து தள்ளிய மாதிரி வண்டி பாயும். ஃபியட்டிடமிருந்து வந்த அந்த 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜினின் பிறவிக்குணம் இது. 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குவிசை). அந்த 190 கைக்கு வருவதே 2,000-இல்தான்.

என்னுடையது 2014 மாடல். போன வருஷம் மலையேற்றத்தில் ரொம்பவே சோர்ந்தது. நண்பர்களிடம் கேட்டேன். பாதிப் பேர் டியூனிங் பாக்ஸ் என்ற தனிப் பெட்டியை மாட்டு என்றார்கள், பாதிப் பேர் ரீமேப் பண்ணு, அதாவது இன்ஜினின் கணினியில் உள்ள மென்பொருளையே மாற்று என்றார்கள். (ஓபிடி போர்ட்டில், அதாவது மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்டில் செருகினால் மைலேஜும் பவரும் கூடும் என்று விற்கிற சின்ன பிளக் இந்தப் பேச்சிலேயே இல்லை. அப்படிப்பட்ட ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மினுக்கும் எல்இடி விளக்குகள்தான்.)

பாக்ஸ் எப்படி வேலை செய்கிறது? காமன் ரெயில் டீசலில் ஒரு குழாய்க்குள் டீசல், முழு லோடில் 1,000 பாருக்கும் மேலான அழுத்தத்தில் காத்திருக்கும். அந்த அழுத்தத்தை ஒரு சென்சார் அளந்து, இன்ஜினை ஆளும் கணினியான ஈசியூவுக்கு வோல்டேஜாகச் சொல்லும். பாக்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து பொய் சொல்கிறது. உண்மையான அழுத்தத்தைவிடக் குறைவாகக் காட்டும். "ஐயோ, அழுத்தம் போதவில்லையே" என்று ஈசியூ ஏற்றிவிடும். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் அதேதான், ஆனால் அழுத்தம் கூடியதால் அதே நேரத்தில் அதிக டீசல் உள்ளே போகும். அவ்வளவுதான் வித்தை. அரை மணி நேரத்தில் நாமே மாட்டலாம், சர்வீஸுக்கு விடும் முன் நாமே கழற்றலாம். இந்த வசதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சிக்கல் எங்கே என்றால், ஈசியூவுக்குள் ஸ்மோக் லிமிட்டர் என்று ஒரு கணக்கு உண்டு. இவ்வளவு காற்று வந்தால் இவ்வளவு டீசல்தான், அதற்கு மேல் கூடாது என்பது அதன் வேலை. தான் பத்து பங்கு தெளிப்பதாக ஈசியூ நினைக்கும்போது உண்மையில் பன்னிரண்டு போகிறது. காவல்காரனின் கண்ணைக் கட்டியாயிற்று. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் டர்போ முழுசாகச் சுழன்ற பிறகு இதனால் பெரிய தொந்தரவு இல்லை. டர்போ விழிக்கும் முன்னால், அதாவது திம்பம் வளைவில் நாம் மிதிக்கிற அதே கணத்தில், காற்று குறைவு, டீசல் அதிகம். பின்னால் வருகிறவர் முகத்தில் கரும்புகை. மிஞ்சிய டீசல் தாமதமாக எரிவதால் வெளியேறும் வாயுவின் சூடும் ஏறும். புகைச் சோதனை மையத்திலும் வண்டியை நிறுத்திவைத்து, திடீரென்று முழுசாக மிதித்துத்தான் பார்ப்பார்கள். பிஎஸ்4 டீசலுக்குப் புகை அடர்த்தியின் வரம்பு மீட்டருக்கு 1.62. பாக்ஸின் பலவீனம் அப்பட்டமாகத் தெரிகிற இடம் அது.

ரீமேப்பில் பொய் இல்லை, ஈசியூவின் கணக்கையே திருத்துகிறோம். எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு டீசல், எத்தனை டிகிரி முன்னால் தெளிப்பது, டார்க் எங்கே தடுக்கப்பட வேண்டும் என்று ஒவ்வொரு அட்டவணையையும் டியூனர் தனித்தனியாக மாற்ற முடியும். நல்ல டியூனர் கீழ் ஆர்பிஎம்மில் கையை அடக்கி வைத்து, டர்போ வந்த பிறகு கொடுப்பார். மோசமான டியூனர் கொடுக்கிற ஃபைலைவிட நல்ல பாக்ஸே மேல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கிருந்தோ இறக்கிய ஒரே ஃபைலை எல்லா ஸ்விஃப்ட்டுக்கும் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்றும் முன் ஸ்கேனர் மாட்டி, வண்டி ஓடும்போது சென்சார் அளவுகளைப் பதிவு செய்கிறாரா (லாக்), ஏற்றும்போது பேட்டரிக்குத் தனி சப்ளை கொடுக்கிறாரா என்று பாருங்கள். பாதியில் வோல்டேஜ் விழுந்தால் ஈசியூ பிணம்.

இதே இன்ஜினின் 90 குதிரைத்திறன் வடிவம் எர்டிகா, சியாஸில் வந்தது. அதில் டர்போவின் இறக்கைகள் கோணம் மாறும், அதனால் காற்றையும் சேர்த்துக் கூட்ட முடிகிறது. ரீமேப்பின் பலன் அங்கே நன்றாகத் தெரியும். நம் 75-இல் டர்போ மாறாத வடிவம் கொண்டது. எந்த ஃபைலும் அந்த 2,000 ஆர்பிஎம் தூக்கத்தை ஒழிக்காது. ஒழிப்பேன் என்று சொல்கிற டியூனரிடம் போகாதீர்கள்.

சரி, நான் என்ன செய்தேன்? முதலில் எதுவும் வாங்கவில்லை. ஒரு மலிவான புளூடூத் ஓபிடி அடாப்டரை மாட்டி, காலி ரோட்டில் மூன்றாம் கியரில் முழுசாக மிதித்து, இன்டேக் அழுத்தத்தைப் பார்த்தேன். பக்கத்தில் தம்பி உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டான். சும்மா நிற்கும்போது 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருப்பது முழு லோடில் இருமடங்கை நெருங்க வேண்டும். என்னுடையது 160-இல் முக்கிக்கொண்டு நின்றது. பானெட்டைத் திறந்து, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஓஸைத் தடவினால் அடிப்பக்கத்தில் எண்ணெய்க் கசிவு, கிளிப்புக்குப் பக்கத்தில் விரல் நீளக் கிழிசல். டர்போ ஊதிய காற்று இன்ஜினுக்குப் போகாமல் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓஸ் மாற்றினேன், புகைக்கரி அப்பிய ஈஜிஆர் வால்வை (புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்புவது) கழற்றிச் சுத்தம் செய்தேன், டீசல் ஃபில்டர் புதிது. அழுத்தம் 210-ஐத் தொட்டது. அந்தக் கிழிசலோடு பாக்ஸ் மாட்டியிருந்தால், காற்றில்லாத இடத்தில் இன்னும் டீசலைக் கொட்டியிருப்பேன்.

ஆறு மாதம் கழித்துதான் ரீமேப் செய்தேன். நெடுஞ்சாலையில் நான்காம் கியரிலேயே முந்த முடிகிறது, அது பெரிய நிம்மதி. கூடவே ஒரு செலவும் வந்தது. அதிக கிலோமீட்டர் ஓடிய கிளட்ச் கூடுதல் டார்க்கைத் தாங்கவில்லை. ஐந்தாம் கியரில் மிதித்தால் ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. பாக்ஸ் போட்டிருந்தாலும் இது நடந்திருக்கும், ஆகவே இரண்டில் எதற்குப் போனாலும் கிளட்ச் செலவைச் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்ம் நேரத்தில் வம்பாகலாம் என்பதும் இரண்டுக்கும் பொது.

வாரன்டி பாக்கி இருக்கிற வண்டியா, இரண்டு வருஷத்தில் விற்கப் போகிறீர்களா, பாக்ஸ் புரிந்துகொள்ளக்கூடிய தேர்வு. ஆனால் அதன் பவர் அளவைக் கடைசிப் படியில் வைக்காதீர்கள். வண்டியை வைத்தே ஓட்டப் போகிறவர் ரீமேப்புக்குப் போகலாம். அப்படிப் போனால், டியூனர் முதலில் உங்கள் ஈசியூவிலிருந்து எடுக்கும் ஒரிஜினல் ஃபைலை ஒரு பென்டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையது ஆர்சி புக் இருக்கிற அதே கவரில் இருக்கிறது.