கல்யாண வேலைக்கு இடுப்பு பெல்ட்டும் லென்ஸ் பைகளும்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

இடுப்பில் அகலமான பெல்ட், அதில் கோத்த மூன்று லென்ஸ் பைகள், தோளில் இரண்டு கேமரா. தை, மாசி, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த சீசன்கள் பலவற்றில் இந்த அமைப்பு ஓடியிருக்கிறது. வாங்க நினைப்பவர் பிராண்டைப் பார்ப்பதற்கு முன் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். இடுப்பில் எத்தனை லென்ஸ் இருக்கப் போகிறதோ அதைவிட ஒரு பை கூடுதலாக வேண்டும். லென்ஸ் இரண்டு என்றால் பை மூன்று. அந்த மூன்றாவது பை எப்போதும் காலியாகவே இருக்கும். இடம் வீணாகிறதே என்று அதில் பேட்டரியும் துடைக்கும் துணியும் திணித்தால் அமைப்பின் பாதிப் பயன் போய்விடும். காலி இடம் இல்லாதபோது, கழற்றிய லென்ஸ் ஒரு கையில், போட வேண்டிய லென்ஸ் மறு கையில், பின்மூடி பல்லிடுக்கில், திறந்த வாயோடு கேமரா வயிற்றில் என்று நிற்க வேண்டியிருக்கும். லென்ஸ் கீழே விழுவது பெரும்பாலும் இந்த நிலையில்தான்.

இரண்டு கேமரா இருக்கும்போது லென்ஸ் மாற்றுவது எதற்கு என்ற கேள்வி நியாயமானது. 70-200 எஃப் 2.8 என்ற தூரத்து ஜூம் லென்ஸ் ஒரு பாடியில் (கேமரா உடலில்) ஏறினால் ரிசப்ஷன் முடியும்வரை இறங்கக் கூடாது என்பது என் நிலை. கேனனின் டிஎஸ்எல்ஆர் கேமராக்களுக்கான இஎஃப் வகையில் அதன் மூன்றாம் பதிப்பு 1,480 கிராம். அதை அடிக்கடி கழற்றி மாட்டுவது கைக்கும் நல்லதல்ல, லென்ஸும் கேமராவும் பூட்டிக்கொள்ளும் வளையமான மவுண்ட்டுக்கும் நல்லதல்ல. மாற்றமெல்லாம் இன்னொரு பாடியில்தான். வழக்கமாக அதில் 24-70 ஜூம் இருக்கும். தாலி, நகை, பத்திரிகை எடுக்க மிக அருகில் படம் பிடிக்கும் 100 மேக்ரோ, மண்டபம் முழுவதும் வர அல்லது மேடையில் குடும்பப் படம் எடுக்க அகலக் கோண 16-35 என்று அது மட்டும் மாறிக்கொண்டிருக்கும். இந்த இரண்டும் இஎஃப் வகையில் முறையே 625 கிராம், 790 கிராம். சேர்ந்தாலும் ஒன்றரைக் கிலோவுக்கு உள்ளேதான். இடுப்பு தாங்கும், கழுத்திலோ ஒற்றைத் தோளிலோ போட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் தெரிந்துவிடும். கேனன் 5டி மார்க் 4 பாடி இரண்டில் 24-70, 70-200 மாட்டினால் அதுவே 4 கிலோவைத் தொடும். சோனி ஏ7 4 பாடி இரண்டில் சோனியின் உயர்தர ஜிஎம் வகை இரண்டாம் பதிப்பு லென்ஸ்களோடு இதே ஜோடி ஏறத்தாழ 3 கிலோ.

மாற்றும் வரிசைக்கு வருவோம். லென்ஸ்கள் ஹுட் (முன்பக்க நிழல் குழல்) மாட்டியபடியே, ஹுட் பக்கம் கீழாக, மவுண்ட் மேலாகப் பைக்குள் இருக்கட்டும். முன்மூடிகள் வீட்டிலேயே இருக்கலாம். ஹுட் இருக்கிறது, பையின் அடியில் மெத்தை இருக்கிறது, வேண்டுமானால் முன்னால் ஒரு யுவி ஃபில்டரும் இருக்கிறது, போதும். முதலில் கேமராவை அணைக்கவும். வாரில் தொங்கும் கேமராவின் வாய் தரையைப் பார்த்திருக்க வேண்டும். காலிப் பையையும் அடுத்த லென்ஸ் இருக்கும் பையையும் திறக்கவும். புது லென்ஸ் பைக்குள் இருக்கும்போதே அதன் பின்மூடியைத் திருகித் தளர்த்தி, எடுக்காமல் மேலேயே உட்கார வைக்கவும். இப்போதுதான் கேமராவில் இருப்பதைக் கழற்ற வேண்டும். கழற்றியது நேராகக் காலிப் பைக்குள் இறங்கும். தளர்த்தி வைத்த மூடியை எடுத்து அதன் தலையில் வைக்கவும், திருக வேண்டாம். புது லென்ஸை உருவி மாட்டவும், ‘கிளிக்’ கேட்கவும். பழைய லென்ஸின் மூடியை இறுக்குவதும் பைகளை மூடுவதும் அதன் பிறகு, நடந்துகொண்டே.

இந்த முறையில் ஒரு மாற்றத்துக்கு ஒரே மூடிதான் புழங்குகிறது. அது புது லென்ஸிலிருந்து பழையதற்குப் போகிறது. சட்டைப் பைக்குப் போவதே இல்லை. சட்டைப் பை பஞ்சும் நூலும் நிறைந்த இடம். அங்கே போய்வந்த மூடி லென்ஸின் பின்கண்ணாடிக்கும், அங்கிருந்து கேமராவுக்குள் படம் பதியும் சென்சாருக்கும் தூசியைக் கொண்டுபோகும். சென்சாரில் தூசி என்றதும் எல்லோரும் காற்றைத்தான் குறை சொல்வார்கள். மூடிகளைச் சோப்பு நீரில் கழுவி நன்றாக உலர்த்திப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கை வைக்கும் விதம் மவுண்ட்டைப் பொறுத்தது. கேனன் இஎஃப்பில் விடுவிக்கும் பொத்தான் படம் எடுப்பவரின் இடது பக்கம். எனவே இடது கையால் பாடியை அடியிலிருந்து தாங்கி, கட்டை விரலால் பொத்தானை அழுத்தி, வலது கையால் லென்ஸைத் திருப்புவது எளிது. சோனி ஏ7 வரிசையில் பொத்தான் கை பிடிக்கும் கிரிப் பக்கம்; பிடித்திருக்கும் வலது கை விரலே அழுத்தும், இடது கை திருப்பும். ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் தடுமாறும். திருப்பும் திசையும் அப்படித்தான்: லென்ஸைப் பார்த்து நின்றால் கேனனிலும் சோனியிலும் கடிகாரச் சுற்றில் மாட்டுகிறோம், நிக்கானில் எதிர்ச் சுற்றில். இரண்டு கம்பெனி பாடிகளைக் கலந்து ஒரே விழாவுக்குக் கொண்டுபோகிறவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவசரத்தில் தவறான பக்கம் முறுக்கும் விசை மவுண்ட் திருகுகளில்தான் போய் விழும்.

விளக்கணைத்த ரிசப்ஷன் மேடையில் மவுண்ட்டின் சிவப்பு, வெள்ளைப் புள்ளிகள் தெரியாது. லென்ஸ் குழலில் அந்தப் புள்ளிக்கு நேராக, விரலுக்குத் தட்டுப்படும் சிறிய ரப்பர் பொட்டு ஒன்றை ஒட்டினால் பார்க்காமலே பொருத்தலாம். பின்மூடிக்கும் ஒரு குறி நல்லது. கேனனின் மிரர்லெஸ் கேமராக்களுக்கான ஆர்எஃப் லென்ஸின் மூடி ஒரே ஒரு நிலையில்தான் உட்காரும் என்பதால் அதற்குக் கட்டாயம் வேண்டும்.

‘கிளிக்’ கேட்டதோடு நம்பிவிட வேண்டாம். பொத்தானைத் தொடாமல் லென்ஸைக் கழற்றும் திசையில் லேசாகத் திருப்பிப் பார்க்கவும், அசையக் கூடாது. பாதியில் நின்ற லென்ஸ் தோளில் தொங்கும்போது கழன்றுவிடும். மாட்டியதும் திரையில் அபெர்ச்சர் (ஒளித் துளை) எண் வருகிறதா என்று ஒரு பார்வை போதும். கேனன் டிஎஸ்எல்ஆரில் 00 என்றோ, சோனியிலும் நிக்கானிலும் எஃப் எழுத்துக்குப் பின் கோடுகளோ தெரிந்தால், கேமரா அந்த லென்ஸை அடையாளம் காணவில்லை என்று பொருள். கேனனில் எர்ரர் 01 வந்தால் பெரும்பாலும் தொடுமுனைகளில் வியர்வையோ எண்ணெயோ படிந்திருக்கும். உலர்ந்த, பஞ்சு உதிராத துணியால் துடைத்தால் சரியாகிவிடும். கேமராவை அணைக்காமல், அதிர்வுத் தடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றினால் சில நிக்கான் விஆர் லென்ஸ்கள் உள்ளே கடகடக்கும். அது பழுதல்ல, மறுபடி மாட்டி கேமராவை ஆன் செய்தால் அடங்கிவிடும்.

வேகமாக மாற்றுவதைவிட எப்போது மாற்றுவது என்பதுதான் கல்யாணத்தில் பெரிய விஷயம். சடங்குகளின் வரிசையும் பெயரும் சமூகத்துக்குச் சமூகம் வேறுபடும். முந்தைய நாளே வாத்தியாரிடமோ வீட்டுப் பெரியவரிடமோ கேட்டுக்கொண்டால் இடைவெளிகள் பிடிபட்டுவிடும். மணமகள் கூறைப்புடவை உடுத்த உள்ளே போகும் நேரம் மிகப் பெரிய இடைவெளி. மேக்ரோவில் திருமாங்கல்யத்தையும் தாம்பாளத்தையும் எடுத்துவிட்டு 24-70க்குத் திரும்ப அதுதான் இடம். அடுத்து, திருமாங்கல்யத் தட்டு பெரியவர்களின் ஆசிக்காக மண்டபத்தைச் சுற்றி வரும். அந்தத் தட்டுதான் எச்சரிக்கை மணி. அது மேடை ஏறிய பிறகு எந்த லென்ஸையும் தொடக் கூடாது. கெட்டிமேளம் எந்த நொடியும் வரும். வந்தால் நாலு பக்கமிருந்தும் அட்சதையும் பூவும் பறக்கும். மஞ்சள் தடவிய அரிசி ஒன்று திறந்த கேமரா வாய்க்குள் விழுந்தால் அன்றைய வேலை அந்தப் பாடிக்கு முடிந்தது. அட்சதை மழை ஓய்ந்ததும் பைகளின் வாயைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். மடிப்புகளில் அரிசி தங்கியிருக்கும்.

அம்மி மிதிக்கும்போது 24-70இன் அகலக் கோணமே போதும். அதற்காக 16-35க்கு மாறுவது தேவையற்ற ஆபத்து. ஹோமத்துக்குப் பக்கத்தில் மாற்றவே வேண்டாம். நெய்ப்புகை கண்ணாடியில் மெல்லிய படலமாக ஒட்டும். வாயால் ஊதித் துடைத்தால் இழுபடும், லென்ஸ் திரவம்தான் அதை எடுக்கும். சாம்பல் துகளோ மின்விசிறிக் காற்றில் எங்கும் போகும். மேடையை விட்டு இறங்கி, பெரிய ஃபேனுக்கு முதுகு காட்டி நின்று மாற்றுவது நல்லது.

உள்ளே எதிரொளிக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பாடிகளில் தூசி, சாம்பலிலிருந்து காப்பது இன்னும் முக்கியம், சென்சார் வாய்க்கு அருகிலேயே இருக்கிறது. இஎஃப் மவுண்ட்டிலிருந்து சென்சார் தளம்வரை 44 மி.மீ. ஆழம், இடையில் அந்த எதிரொளிக்கும் கண்ணாடி வேறு. சோனி இ மவுண்ட்டில் அந்த ஆழம் 18 மி.மீ., ஆர்எஃப்பில் 20. கேனன் ஈஓஎஸ் ஆர் பாடி அணைந்ததும் சென்சாருக்கு முன்னுள்ள ஷட்டரை மூடிக்கொள்ளும். சோனி ஏ7 4இல் அதற்கு மெனுவில் ஒரு தேர்வு உண்டு, அதை ஆன் செய்து வைக்க வேண்டும். அணைத்த பின் ஷட்டர் மூடும் சத்தம் கேட்டுவிட்டே கழற்றவும். மூடிய ஷட்டர் இதழ்கள் மிக மெல்லியவை. விரலோ, அழுத்தக் காற்று டப்பாவோ அவற்றை நெருங்கக் கூடாது. விழா முடிந்த இரவில் எஃப் 16, ஐஎஸ்ஓ 100 வைத்து, ஃபோகஸைக் கலைத்து ஒரு வெள்ளைச் சுவரை எடுத்துப் பார்த்தால் தூசி கரும்பொட்டாகத் தெரியும். எஃப் 2.8இல் எடுத்த படங்களில் அது தெரிந்திருக்காது; மறுநாள் வெளிப்புறப் படப்பிடிப்பில் வானத்தில் தெரியும். குங்குமத் துகள் என்று சந்தேகம் இருந்தால் முதலில் ரப்பர் பல்பால் ஊதி உதிர்க்கவும். ஈரத் துடைப்பான் முதலில் பட்டால் கறையாக இழுத்துவிடும்.

பைகள் எப்படி உழைத்தன? துணி கிழியவில்லை. முதலில் தளர்வது வாய் ஓரத்து எலாஸ்டிக்கும் சுருக்குக் கயிற்றின் பிடிப்பானும். இரண்டையும் தையல் கடையில் மாற்றிவிடலாம். வெல்க்ரோ மூடியுள்ள பைகள் எனக்கு ஒத்துவரவில்லை. மந்திரம் ஓதும் அமைதியில் அந்தக் கிழிபடும் சத்தம் நாலு வரிசை தாண்டிக் கேட்கும், பஞ்சும் சேரும். சுருக்குக் கயிறுள்ள பைதான் என் தேர்வு. கயிற்றைப் பாதி இழுத்து வைத்தால் நிற்கும்போது போதும். குந்தி உட்காரும்போது மட்டும் முழுதாக இழுக்க வேண்டும், ஏனென்றால் தொடை பையைச் சாய்க்கும், வழுவழுப்பான உலோகக் குழல் தானாக வெளியே வரும். பை லென்ஸைவிட நன்றாகப் பெரிதாக இருக்கட்டும். ஒரு கையால் பார்க்காமல் இறக்க முடியாத பை எவ்வளவு அழகாக இருந்தாலும் உதவாது. பெல்ட் கொக்கியில் பூட்டு உள்ள வகை பாதுகாப்பு. சாதாரணப் பக்கவாட்டுக் கொக்கியைக் கூட்டத்தில் யாராவது இடித்தே திறந்துவிடலாம்.

பைகள் பெல்ட்டில் சுழலும்படியும் வைக்கலாம், பூட்டியும் வைக்கலாம். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே போகும்போது பூட்டி, மூன்றையும் இடது முன்பக்கமாக வைப்பது நல்லது. பின்னால் போன பை புடவைத் தலைப்பில் மாட்டும், குழந்தைகளின் தலையில் இடிக்கும், யார் கை போகிறது என்றும் தெரியாது.

மாற்று வழிகளும் உண்டு. பெல்ட்டில் மவுண்ட் வைத்து லென்ஸைத் தலைகீழாகத் தொங்கவிடும் கிளிப்புகள் இதைவிட வேகமானவை, மூடியே தேவையில்லை. 50 எஃப் 1.8 போன்ற 160 கிராம் லென்ஸுக்குப் பொருத்தம். கனமான ஜூம் என்றால் தூணிலும் முழங்காலிலும் இடித்துக்கொண்டே இருக்கும். லைட் பிடிக்கும் தம்பியிடம் லென்ஸைக் கொடுத்து வைப்பது நம் ஊர் வழக்கம். அப்போது கைமாற்றும் முறையை முன்பே பேசிக்கொள்ள வேண்டும். கொடுப்பவர் ஹுட் பக்கம் பிடித்து, மூடி தளர்த்தி, புள்ளி மேலே இருக்கும்படி நீட்டட்டும். “அண்ணே, பிடிச்சுட்டீங்களா?” என்று கேட்டு, “பிடிச்சுட்டேன், விடு” என்ற பதில் வந்த பிறகே விரல் பிரிய வேண்டும். மேளச் சத்தத்தில் வாய் கேட்காது என்றால் தலையசைப்பு.

விடியற்கால முகூர்த்தத்துக்கு ஏசி அறையில் தூங்கி எழுந்து கிளம்பும்போது பைக்குள் இருக்கும் லென்ஸும் குளிர்ந்திருக்கும். கடலோர ஊரின் ஈரக் காற்றில் பின்மூடியைத் திறந்தால் பின்கண்ணாடி உடனே பனிக்கும். அங்கே துடைக்க முடியாது, பனி விலகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். கிளம்புவதற்கு அரை மணி முன்பே கேமரா பையை ஜிப் திறக்காமல் ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிட்டால் இது வராது.

வேலை முடிந்ததும் லென்ஸ்களை இடுப்புப் பைகளிலேயே விட்டு வைக்க வேண்டாம். வியர்வை ஊறிய நுரைமெத்தை நாள்கணக்கில் ஈரம் காக்கும், பூஞ்சை அங்கேதான் பிடிக்கும். லென்ஸ்கள் 40 முதல் 50 சதவீத ஈரப்பதமுள்ள டிரை கேபினெட்டுக்கோ, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவுக்கோ போகட்டும். பைகளை உள்பக்கம் வெளியே வரப் புரட்டி, ஒட்டும் டேப்பால் பஞ்சை எடுத்து, உப்புப் படிந்த பெல்ட்டைச் சாதாரண நீரில் அலசி, நிழலில் காயப் போடவும். ஒரு நாள் இடைவெளியில் அடுத்த கல்யாணம் இருந்தால் பெல்ட் முழுதாகக் காயாது. அதற்காகவே இரண்டாவது பெல்ட் ஒன்று வைத்திருப்பது நல்லது, பைகள் அவையே போதும்.