லைட்டை அணைத்துவிட்டு சென்சாருக்கு பில் போடுகிறார்கள்

திருவொற்றியூர், எர்ணாவூர் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையை ஒட்டிய ஒரு ஒர்க்‌ஷாப்பில் நடந்தது இது.

வண்டி ஸ்டார்ட் ஆக நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தது. செக் இன்ஜின் லைட்டும் எரிந்தது. ஸ்கேனரில் பி0340 என்ற எரர் கோடு வந்ததுமே "கேம் சென்சார் போச்சு சார், ஒரிஜினலே போட்டுடலாம்" என்றார்கள். மாலையில் லைட் அணைந்திருந்தது. பில்லில் புது சென்சார், லேபர் எல்லாம் உண்டு. பழையதைக் கேட்டேன். குப்பையில் போட்டாச்சாம். கொஞ்ச நாளில் லைட் திரும்ப எரிந்தது. இப்போது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவே போய்விட்டதாம்! அதற்குச் சொன்ன தொகையைக் கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தண்டையார்பேட்டையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் சென்சாரைக் கழற்றிக் காட்டினார். ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இறுகித் தட்டையாகி, மேலெல்லாம் பழைய ஆயில் கறை. மாற்றவே இல்லை. ஸ்கேனரில் அந்த எரர் கோடை அழித்தால் லைட் அணைந்துவிடும். கோளாறு மறுபடி தலைகாட்டும்வரை எரியாது. விட்டுவிட்டு வரும் கோளாறு என்றால் ஏமாற்றுகிறவர்களுக்கு இன்னும் வசதி.

அந்த சென்சார் செய்வது இதுதான். கிராங்க்‌ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒரு சுற்று. பிஸ்டன் மேலே வருவதை கிராங்க் சென்சார் சொல்லிவிடும். ஆனால் வந்தது கம்ப்ரஷனுக்கா (காற்றை அழுத்தவா) எக்ஸாஸ்டுக்கா (புகையை வெளியே தள்ளவா) என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் கேம் சென்சார். கேம்ஷாஃப்டோடு சுற்றும் பல் எதிரே கடக்கும்போது காந்தப்புலம் மாறும். ஹால் வகை சென்சார் அதை ஏறி இறங்கும் வோல்டேஜாக இசியூவுக்கு அனுப்பும். இந்த வகையில் பொதுவாக மூன்று வயர்: சப்ளை, எர்த், சிக்னல். எது அறுந்தாலும் இதே 0340 வரலாம். சர்க்யூட்டில் கோளாறு என்பதற்கு மேல் அந்தக் கோடு எதையும் சொல்வதில்லை.

என் வண்டியில் எர்த் பின் பச்சை பூத்துப் போயிருந்தது. கடல் காற்றடிக்கிற நம் ஏரியாவில் இது புதிதா என்ன? மல்டிமீட்டர் வைத்ததும் தெரிந்துவிட்டது. கனெக்டரை மாற்றினார், அவ்வளவுதான். அந்தப் பழைய சென்சாரில்தான் வண்டி இன்றும் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது.

சென்சாரே போவதும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மாற்றுவதற்கு முன் கனெக்டரில் சப்ளையும் எர்த்தும் வருகிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். பல வண்டிகளில் ஒரு போல்ட், ஒரு கனெக்டர் வேலைதான். பக்கத்தில் நின்றே பார்க்கலாம். பழையதைக் கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.

பில்லோடு போய்க் கேட்டதற்கு "ஓனர் ஊருக்குப் போயிருக்கார்" என்கிறார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.