கறுப்புக்கு அடியில் மின்னிய எஃகு

சிங்கப்பூரில் பழைய கைக்கடிகாரம் வாங்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

மூன்று மாதங்களுக்கு முன்பு ஒரு கடைத்தொகுதியில் 4,200 வெள்ளி கொடுத்து ஸ்விஸ் டைவர் கடிகாரம் ஒன்றை வாங்கினேன். மொத்தமும் கறுப்பு. "கேஸ் முழுவதும் செராமிக், அண்ணே. சாவிக்கொத்தோடு பையில் போட்டாலும் கோடு விழாது" என்றார் விற்றவர். கேஸ் என்றால் கடிகாரத்தின் வெளிக்கூடு. ரசீதிலும் 'செராமிக் கேஸ்' என்றே எழுதிக் கொடுத்தார்.

போன வாரம் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரும்போது தாழ்வாரச் சுவரில் மணிக்கட்டு உரசியது. வீட்டுக்குள் வந்து விளக்கடியில் பார்த்தால், பட்டை கோக்கும் காதின் விளிம்பில் அரை நகம் நீளத்துக்கு ஒரு கீற்று பளபளத்தது. செராமிக்கில் சில சமயம் உரசிய உலோகத்தின் தடம் ஒட்டிக்கொள்ளும், தேய்த்தால் போய்விடும். இது போகவில்லை. செராமிக் என்றால் உள்ளே வரை கறுப்பாகத்தானே இருக்க வேண்டும்?

மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் தேடினேன் (வாங்கும் முன் செய்திருக்க வேண்டிய வேலை). டயலைச் சுற்றிய பெசல் மட்டுமே செராமிக். கேஸ் 316எல் எஃகு, மேலே சில மைக்ரான் தடிமனில் கறுப்புப் பூச்சு. விக்கர்ஸ் அளவில் அந்த எஃகின் கடினம் 200க்குள். கடிகாரச் செராமிக்கோ 1,200ஐத் தொடும். கான்கிரீட்டில் இருக்கும் மணல் எஃகைவிடக் கடினமானது, பூச்சைத் தாண்டிவிட்டால் கீறாமல் என்ன செய்யும்? அசல் செராமிக்கும் சாகாவரம் பெற்றதல்ல: குளியலறைத் தரையில் விழுந்தால் விரிசல் விடலாம், அதை ஒட்டவும் முடியாது, தேய்க்கவும் முடியாது.

கடைக்குப் போனேன். "பாலிஷ் போட்டுத் தருகிறோம்" என்றார்கள். பாலிஷ் போட்டால் மிச்சமிருக்கும் கறுப்பும் போய்விடும் என்பது கூடத் தெரியாத கடையா இது! பிறகு, "பெசலைத்தான் செராமிக் என்றோம்" என்று பேச்சை மாற்றினார்கள். ரசீதை மேசையில் வைத்ததும் 300 வெள்ளிக்குக் கடைக் கூப்பன் வந்தது. வாங்க மறுத்துவிட்டேன்.

குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்கும் 'லெமன் சட்டம்' இங்கே பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு. 20,000 வெள்ளி வரையிலான வழக்கைச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம். நேற்று பதிவு செய்துவிட்டேன். கடிகாரம் அந்தக் கீற்றோடு அலமாரியில் இருக்கிறது.