விடைபெறும் நாளுக்கு ஒரு கேமரா: இன்ஸ்டாக்ஸ் மினி 12, இரண்டு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

நான் எலக்ட்ரீஷியன். வெள்ளம் வடிந்த ஊர்களுக்கு ஒரு தன்னார்வக் குழுவோடு போய், வீடுகளின் வயரிங்கைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வருவேன். வருடத்துக்கு ஒருமுறை, சில வருடங்களில் இருமுறை. ஒரு பயணம் என்றால் இரண்டு வாரம், கூடிப்போனால் மூன்று. ஸ்விட்ச் பெட்டிக்குள் புகுந்த சேற்றைச் சுரண்ட வேண்டும், ஊறிப்போன வயரை உருவ வேண்டும், மெகர் என்ற சோதனைக் கருவியை வைத்து வயரின் இன்சுலேஷன் பார்க்க வேண்டும். எல்லாம் சரியென்று தெரிந்த பிறகுதான் மெயினைப் போட முடியும். இந்த வேலைக்கான கருவிகளைப் பற்றி எவ்வளவோ எழுதலாம். ஆனால் வேலையெல்லாம் முடிந்து கிளம்புகிற அந்தக் கடைசி அரைமணி நேரத்துக்கு என் பையில் ரொம்ப நாள் எதுவும் இல்லாமல் இருந்தது. இப்போது, எடுத்த படத்தை அங்கேயே தாளில் தந்துவிடும் இந்த கேமரா இருக்கிறது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

முன்பெல்லாம் கிளம்பும்போது போனில்தான் படம் எடுப்போம். வீட்டுக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள், நாங்கள் நடுவில் நிற்போம், யாராவது ஒருவர் எடுப்பார். போன் சட்டைப்பைக்குப் போகும். படம் எங்களோடு வந்துவிடும். இரண்டு வாரம் அவர்கள் வீட்டுக்குள் செருப்போடு நடந்து, சுவரைக் கொத்தி, அவர்கள் பாயில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு, போகும்போது அவர்கள் முகத்தையும் நாங்களே எடுத்துக்கொண்டு போகிறோம் என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. 'அனுப்பிவைக்கிறேன்' என்று ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறேன். சிலருக்கு அனுப்பினேன். ஒரு பெரியவர் தன் மகனுடைய எண்ணை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு வழியில் எங்கோ போய்விட்டது. படம் இன்னமும் என் போனில் இருக்கிறது. அவருக்குப் போய்ச் சேர வேண்டியது அது.

வெள்ளம் புகுந்த வீட்டில் மேஜை நாற்காலிக்கு முன்னால் பலர் தேடுவது போட்டோவைத்தான். கல்யாண ஆல்பம் ஒரே கட்டியாக ஒட்டிப்போயிருக்கும். பிரித்தால் முகங்கள் எதிர்ப்பக்கத்தோடு உரிந்து வரும். 2011 மார்ச்சில் ஜப்பானில் சுனாமி வந்தபோது, சேற்றிலிருந்து மீட்ட படங்களைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் கழுவி, கயிற்றில் உலர்த்தி, உரியவர்களிடம் சேர்க்கப் பாடுபட்டார்கள். இந்த கேமராவைச் செய்யும் ஃபியூஜிபிலிம் நிறுவனமே அப்போது அதற்கென்று ஒரு படமீட்புத் திட்டத்தை நடத்தியது. அதைப் படித்தபோதுதான், வெளிச்சம் திரும்பிய வீட்டில் ஒரு படத்தையாவது விட்டுவிட்டு வர வேண்டும் என்று தோன்றியது.

சரி, கேமராவுக்கு வருவோம். மினி 12 வந்தது 2023இல். பெரிய விஷயம் ஒன்றும் இதற்குள் இல்லை. இரண்டு டபுள் ஏ பேட்டரி போதும். சார்ஜர் தேவையில்லை என்பதாலேயே மின்சாரம் இல்லாத ஊருக்கு இது பொருத்தம். எடை ஏறக்குறைய 300 கிராம். லென்ஸைத் திருகினால் ஆன் ஆகும், இன்னும் கொஞ்சம் திருகினால் கிட்டத்துப் படத்துக்கு மாறும். வெளிச்சத்தை அதுவே அளந்துகொள்ளும். ஒரு பிலிம் பேக்கில் 10 படம். ஒவ்வொன்றிலும் உருவம் விழும் இடம் 62க்கு 46 மில்லிமீட்டர். பர்ஸில் அடங்கும், சாமி படத்தின் சட்டத்தில் செருகலாம்.

பொத்தானை அழுத்தியதும் வெள்ளைத் தாள் மேலே வரும். அதன் ஓரத்தில் அடைத்திருக்கும் ரசாயனக் குழம்பை உள்ளே இருக்கும் உருளைகள் நசுக்கி, தாள் முழுக்கப் பரப்பிவிடுகின்றன. உருவம் முழுதாகத் தெரிய சுமார் 90 நொடி ஆகும். எல்லாரும் அதைக் கையில் வாங்கியதும் விசிறி மாதிரி ஆட்டுவார்கள். எல்லாம் உள்ளேயே மூடித்தான் இருக்கிறது, ஆட்டுவதால் பலன் எதுவும் இல்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்தால் போதும்.

எனக்கு இந்த கேமராவில் பிடித்ததே அந்த 90 நொடிதான். பாஷை தெரியாத ஊர்களில் இரண்டு வாரம் சைகையிலேயே ஓட்டிவிடலாம். வயர், சுத்தியல், ஏணி எல்லாவற்றுக்கும் சைகை இருக்கிறது. கிளம்பும்போதுதான் திண்டாட்டம். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்வார்கள். நான் தலையாட்டுவேன். கையை எப்போது விடுவது என்று இருவருக்குமே தெரியாது. இப்போது அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாள் இருக்கிறது. எல்லாருடைய தலையும் அதன்மேல் குனியும். முதலில் கருப்பு முடி தெரியும், அப்புறம் சட்டையின் நிறம், அப்புறம் கண். யாராவது ஒரு குழந்தை விரல் வைத்து, 'இது நான்' என்று காட்டும். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். முழுப்படம் வந்த பிறகு திரும்பவும் அழுவார்கள், அது வேறு. ஆனால் அந்த ஒன்றரை நிமிடம் சேர்ந்து நின்றோம் என்ற நிறைவு எனக்கு மிஞ்சும்.

1943இல் மூன்று வயது மகள் தன்னைப் படம் எடுத்த அப்பாவிடம், 'ஏன் இப்போதே பார்க்க முடியாது?' என்று கேட்டாளாம். அந்த அப்பா எட்வின் லேண்ட். அவருடைய போலராய்டு கேமரா 1948இல் விற்பனைக்கு வந்தது. உடனடிப் படம் என்கிற வகையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் குழந்தை கேட்டது எவ்வளவு நல்ல கேள்வி என்று விடைபெறும் இடத்தில் நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இனி, வாங்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை. பிளாஷ் ஒவ்வொரு முறையும் அடிக்கும், அணைக்க வழி கிடையாது. அதன் வெளிச்சம் எட்டுவது 2.2 மீட்டர் வரைதான். இருபது பேரைத் தூரத்தில் நிறுத்தி மாலையில் எடுத்தால், வந்து விழுவது இருட்டு. நான் ஒன்று, ஒன்றரை மீட்டரில் நிற்பேன், நான்கைந்து பேருக்கு மேல் சேர்க்க மாட்டேன். மலை, ஆறு, வானம் எல்லாம் இதில் எடுபடாது. முகங்களை மட்டும் எடுங்கள். கைக்குழந்தை இருந்தால் பிளாஷ் அடிக்கும் என்று தாய்க்கு முன்கூட்டியே சைகை காட்டிவிடுங்கள்.

குளிர், வெயில் இரண்டுக்கும் இந்த கேமரா ஒத்துவராது. 5 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் இடையில் பயன்படுத்தச் சொல்கிறார்கள். குளிரில் நிறம் சரியாக எழாது, அதனால் படம் வெளியே வந்ததும் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். விமானத்தில் போகிறவர்கள் பிலிமைப் பெரிய பெட்டிக்குள் போடாதீர்கள். இது வெளிச்சத்தைச் சட்டென்று உணரும் ஐ.எஸ்.ஓ. 800 பிலிம், அந்தப் பெட்டிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே அதைக் கெடுத்துவிடும். கையில் கொண்டுபோய், முடிந்தால் கையாலேயே சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். படத்தைக் கொடுக்கும்போது, வெட்டவோ கிழிக்கவோ கூடாது, உள்ளே இருக்கும் குழம்பு தோலுக்கு ஆகாது என்பதையும், வெயில் படும் இடத்தில் மாட்டக்கூடாது என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

அப்புறம் பிலிம் போடும் பின்கதவு. பத்துப் படமும் முடியும்வரை அதைத் திறக்கவே கூடாது. முதல் பயணத்தில் நான் திறந்துவிட்டேன். எத்தனை மிச்சம் என்று காட்டும் சின்னக் கட்டம் பின்பக்கமே இருக்கிறது. அவசரத்தில் அதைப் பார்க்காமல் கதவைத் திறந்து, பதறி மூடினேன். ஒரு பாட்டி தலையை வாரி, பெட்டியிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். அடுத்தடுத்து வந்த தாள்கள் வெள்ளையாகவே நின்றுவிட்டன. வேறு பேக் கையில் இல்லை. போனில் எடுத்து, ஊருக்குத் திரும்பிய மறுநாளே பிரிண்ட் போட்டு, முகவரி தெரியாததால் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் மட்டும் எழுதித் தபாலில் சேர்த்தேன். போய்ச் சேர்ந்ததா என்ற தகவல் இல்லை. அன்றிலிருந்து ஒரு பேக் உபரியாக வைத்துக்கொள்கிறேன்.

பத்தே படம் என்பதால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, எனக்கு இதுதான் பெரிய சிக்கலாகப் படுகிறது. ஒரு பையனுக்குக் கொடுத்தால் தெருவில் உள்ள அத்தனை பிள்ளைகளும் வந்து நிற்பார்கள். கடைசித் தாள் முடிந்த பிறகும் ஒரு சிறுமி கேமராவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்ற முகம் எனக்கு மறக்காது. நல்லது செய்யப் போன இடத்தில் ஒரு குழந்தையை விட்டுவிட்டு வந்தேன். இப்போது முதல் நாளே வேலை செய்யப்போகும் வீடுகளை எண்ணிவிடுகிறேன். வீட்டுக்கு ஒரு படம். எடுப்பது கடைசி நாளில் மட்டும். பெரியவர்களின் சம்மதம் கேட்காமல் எடுப்பதில்லை. படம் அவர்களிடமே போய்விடுவதால், எங்கே போடுவார்களோ என்ற கவலையும் அவர்களுக்கு இல்லை. இந்த கேமராவில் நெகட்டிவ் கிடையாது, நகல் கிடையாது, இருப்பது அந்த ஒரே தாள்.

பிள்ளைகளிடம் 'அடுத்த வருடம் வருவேன்' என்று சொல்வதையும் நிறுத்திவிட்டேன். வந்து வந்து பிரிந்துபோகும் வெளியாட்கள் குழந்தைகளுக்கு நல்லதல்ல. ஆதரவற்றோர் இல்லங்களில் நடக்கும் தன்னார்வத் திட்டங்களால் வரும் தீங்கைத் தடுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபையே 2019 டிசம்பரில் ஒரு தீர்மானத்தில் சொல்லியிருக்கிறது. நான் போவது வீடுகளுக்குத்தான். ஆனாலும் நிறைவேற்ற முடியாத ஒரு வாக்கை விட்டுவிட்டு வருவதைவிட, கையில் பிடிக்கக்கூடிய ஒரு படத்தை விட்டுவிட்டு வருவது எனக்கு நியாயமாகப் படுகிறது.

நிறைய நகல் வேண்டும் என்பவர்களுக்கு, போனிலிருந்து அச்சிடும் இன்ஸ்டாக்ஸ் மினி லிங்க் பிரிண்டர் ஏற்றது. ஒரே படத்தை எத்தனை பேருக்கும் கொடுக்கலாம், ஆனால் அதற்குச் சார்ஜ் வேண்டும். கூட்டமாக எடுப்பதென்றால் வைடு பிலிம் எடுக்கும் கேமராவைப் பாருங்கள், அதில் உருவத்தின் அகலம் 99 மில்லிமீட்டர். நான் குறைத்த ஒரு மதிப்பெண் பிளாஷை அணைக்க முடியாததற்காக.

போன முறை போனது ஒரு மலையூருக்கு. குளிர் காலம். கடைசி வீட்டில் ஓர் அம்மாவும் பத்து வயது மகளும் மட்டும். பதினொரு நாளாக விளக்கில்லாமல் இருந்த வீடு. மதியம் மெயினைப் போட்டதும் அந்த அம்மா பல்பைப் பார்க்காமல், ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டு அணைத்து, போட்டு அணைத்துப் பார்த்தார். இருவரையும் ஸ்விட்ச்போர்டு பக்கத்தில் நிறுத்தி எடுத்தேன். சிறுமியிடம் படத்தைக் கொடுத்து, ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லிக் காட்டினேன். உருவம் தெரிந்ததும், கீழே வெள்ளை ஓரத்தில் தேதி எழுதித் தரும்படி அந்த அம்மா பேனாவை நீட்டினார். எழுதினேன். அதை ஒரு துணி மூட்டைக்குள் வைத்தார். அதற்குள் சேறு படிந்து ஒட்டிப்போன பழைய படங்கள் இருந்தன.

அப்புறம் சிறுமி கேமராவைத் தன் கையில் கேட்டாள். என்னை ஸ்விட்ச்போர்டு பக்கம் போகச் சொல்லிக் கை காட்டினாள். பேக்கில் ஒரே ஒரு தாள் மிச்சம். பிளாஷ் அடித்தது. தாள் வெளியே வந்ததும், நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே எடுத்து ஸ்வெட்டருக்குள் வைத்துக் கையால் அணைத்துக்கொண்டாள். கீழே வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. கேமராவை வாங்கிக்கொண்டு படியிறங்கி ஓடினேன். வண்டி வளைவில் திரும்பும்போது அவள் ஸ்வெட்டருக்குள்ளிருந்து படத்தை எடுத்து அம்மாவிடம் காட்டிக்கொண்டிருந்தாள்.