நீட் ரிப்பீட் வருஷத்துக்கு சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூலகம் எப்படி? அங்கயே உட்கார்ந்து படிச்சவளோட ரிவ்யூ

இது ஒரு வருஷம் கேப் எடுத்து வீட்ல இருக்கவங்களுக்காக எழுதுறது, டூரிஸ்ட்டா சுத்தி பாக்க போறவங்களுக்கு இல்ல.

2024 நீட் எழுதுனவங்களுக்கு நான் எதுவும் புதுசா சொல்ல வேணாம். ஜூன் 14னு சொல்லிட்டு ஜூன் 4ஆம் தேதி, எலெக்ஷன் ரிசல்ட் வந்த அதே நாள்ல ரிசல்ட்ட விட்டாங்க, 67 பேரு 720க்கு 720, முந்தின வருஷம் கவர்மெண்ட் சீட்டுக்கு போதும்னு இருந்த அதே மார்க்குக்கு அந்த வருஷம் ரேங்க் எங்கயோ கீழ போயிடுச்சு. அப்புறம் பரிச்சைல நேரம் வீணானதுக்காக சிலருக்கு குடுத்த கிரேஸ் மார்க்க ரத்து பண்ணி 1563 பேருக்கு மறுதேர்வு வச்சாங்க, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, ஜூலை கடைசில முழு மார்க் வாங்குனவங்க 17 பேருன்னு ஆச்சு. ஆனா அது வரைக்கும் வீட்ல உட்கார்ந்திருந்த எங்கள மாதிரி பசங்களுக்கு ஒண்ணுமே புரியல, சேர்றதா விடுறதா மறுபடி எழுதுறதான்னு.

அந்த நேரத்துல ஒரு கோச்சிங் சென்டர்ல இருந்து தினமும் போன். ரிப்பீட்டர் பேட்ச், ஹாஸ்டலோட சேர்த்து லட்சக்கணக்குல ஃபீஸ், இந்த வாரமே கட்டலன்னா சீட்டு போயிடும்னு அம்மாவ பயமுறுத்தி வச்சிருந்தாங்க. அப்பா கடன் வாங்கிடலாம்னு கூட சொன்னார். நான்தான் வேணாம்னேன். பிளஸ் டூலயே பாடம் நடத்தியாச்சு, என்சிஇஆர்டி புக்கு கைல இருக்கு, பழைய கொஸ்டின் பேப்பர் எல்லாம் ஃப்ரீயா கிடைக்குது, ஐஐடி கான்பூர் பண்ற சாத்தி வெப்சைட்ல வீடியோவும் டெஸ்ட்டும் காசு இல்லாமயே இருக்கு. எனக்கு இல்லாதது ஒண்ணே ஒண்ணு தான், உட்கார இடம். வீட்ல டிவி, தம்பி, வர்ற போற சொந்தக்காரங்க, "என்னம்மா இந்த வருஷம் சும்மாவா இருக்க"ன்னு கேக்குற பக்கத்து வீட்டு ஆன்ட்டி.

வேளச்சேரில இருந்து பறக்கும் ரயில்ல ஏறினா கோட்டூர்புரம், இறங்கி நடந்துடலாம், பிர்லா கோளரங்கம் இருக்க அதே காந்தி மண்டபம் ரோடு. உள்ள போக காசு கிடையாது. மேல இருக்க மாடிங்கள்ல நூலகத்து புக்கு தான் படிக்கணும், நம்ம புக்க எடுத்துட்டு போய் படிக்க தரை தளத்துல தனி ஹால் இருக்கு. ரிப்பீட்டர்ஸ்க்கு அந்த ஹால் தான் எல்லாமே.

அங்க யாரும் யாரையும் எதுவும் கேக்க மாட்டாங்க. சுத்தி பாத்தா குரூப் 2க்கு படிக்கிற அண்ணா, யுபிஎஸ்சி அக்கா, சிஏ பசங்க, பேங்க் எக்ஸாம்க்கு ரெடியாகுறவங்க, எல்லாரும் ஏதோ ஒரு லிஸ்ட்ல பேரு வரலன்னு மறுபடி வந்து உட்கார்ந்தவங்க தான். என் பக்கத்துல வழக்கமா உட்கார்ற யுபிஎஸ்சி அக்காவுக்கு நான் என்ன படிக்கிறேன்னு தெரியவே ரொம்ப நாள் ஆச்சு. தெரிஞ்சப்புறமும் "எத்தனாவது அட்டெம்ப்ட்"னு கேக்கல, "வாடி டீ குடிச்சிட்டு வரலாம்"னாங்க, அவ்ளோதான். அன்னைக்கு வீட்டுக்கு போறப்ப மனசு எவ்ளோ லேசா இருந்துச்சுன்னு சொல்லத் தெரியல. கேப் எடுத்தா நாம மட்டும் பின்னாடி நின்னுட்டோம்னு ஒரு நினைப்பு அரிச்சுட்டே இருக்கும்ல, அது அந்த ஹால்ல வராது.

எனக்கு ரொம்ப உதவுனது என்னன்னா, நீட் மதியம் 2 மணிக்கு தான் ஆரம்பிக்குது. சாப்பிட்டு முடிச்சு கண்ணு சொருகுற நேரம். அதனால வாராவாரம் ஓஎம்ஆர் ஷீட்ட ஜெராக்ஸ் போட்டு எடுத்துட்டு போய், சரியா 2 மணிக்கு போன ஆஃப் பண்ணிட்டு பால்பாயின்ட் பேனாவுல வட்டம் அடிச்சு அடிச்சு பழகுனேன். யாரோ நாற்காலிய இழுப்பாங்க, யாரோ இருமுவாங்க, பரிச்ச ஹால்லயும் அப்படித்தானே இருக்கும். 2025ல சில கேள்விய விட்டுடலாம்ங்கிற சாய்ஸையும் எடுத்துட்டாங்க, எக்ஸ்ட்ரா டைமும் போச்சு, 180 கேள்விக்கு 180 நிமிஷம். பிசிக்ஸ் வேற அந்த வருஷம் எல்லாரையும் அழ வச்சுது. பயாலஜிய சீக்கிரம் முடிச்சிட்டு பிசிக்ஸ்க்கு நேரம் மிச்சம் பிடிக்கிற பழக்கம் எனக்கு இந்த ஹால்ல தான் வந்துச்சு. தெரியாத கேள்வில கை வைக்காம நகர்றதும் தான், சரின்னா 4, தப்புன்னா மைனஸ் 1.

இன்னொரு விஷயம் சொல்லணும். 2010ல திறந்த இந்த கட்டிடத்த 2011லயே குழந்தைங்க ஆஸ்பத்திரியா மாத்த போறோம்னு அப்போ இருந்த அரசு அறிவிச்சுது, ஹைகோர்ட் தான் தடை போட்டுச்சு. ஆஸ்பத்திரி வேணும் தான், டாக்டராகணும்னு ஆசப்பட்ட நானே சொல்றேன், ஆனா அத வேற இடத்துல கட்டிக்கலாம். லட்சக்கணக்குல ஃபீஸ் கட்ட முடியாத வீட்டு பசங்களுக்கு இந்த மாதிரி ஒரு இடம் வேற எங்க இருக்கு? அன்னைக்கு கோர்ட்டுக்கு போனவங்களுக்கு நிஜமாவே நன்றி சொல்லணும்.

போறவங்களுக்கு, காலைல திறக்குறப்பவே போயிடுங்க, பரிச்ச சீசன்ல இடம் புடிக்கிறது கஷ்டம். சாப்பாடு வீட்ல இருந்து கட்டிட்டு போனா செலவு மிச்சம். இயர்பிளக் வச்சுக்கோங்க. ஃப்ரெண்ட்ஸா சேர்ந்து போனா பக்கத்து பக்கத்துல உட்காராதீங்க, பேச்சு தான் ஓடும். டவுட் கேக்க ஆள் இருக்காது, அது இந்த வழில இருக்க பெரிய குறை தான், நான் ஸ்கூல் பிசிக்ஸ் மிஸ்கிட்ட சனிக்கிழமை போய் கேட்டுப்பேன், அந்த மாதிரி யாரையாவது புடிச்சு வச்சுக்கோங்க. அடிப்படையே புரியலன்னா கோச்சிங் தேவைப்படலாம், அத நான் இல்லன்னு சொல்லல.

எனக்கு எம்பிபிஎஸ் கிடைக்கல, கவர்மெண்ட் காலேஜ்ல பிடிஎஸ், அதாவது பல் டாக்டர் படிப்பு, கிடைச்சிருக்கு, சந்தோஷமா சேர்ந்துட்டேன். வீட்ல ஒரு ரூபா கடன் இல்ல.

என் ரேட்டிங் 5க்கு 5. மதுரை பக்கம் இருக்கவங்களுக்கு புது நத்தம் ரோட்டுல 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு, என் சித்தி பொண்ணு இந்த வருஷம் ரிப்பீட் பண்றா, அவளுக்கு அங்க சரிப்படுமான்னு போய் படிச்சவங்க யாராவது எழுதுங்க ப்ளீஸ்.