நெஞ்சுக்கறிக்கு ஊசி: மூன்று வருடம் போட்டுப் பார்த்த பிறகு

தக்கலையில் ஒரு வெல்டிங் பட்டறையில் சமையல் எண்ணெய் வந்த 200 லிட்டர் டிரம்மை வெட்டி, உள்ளே கம்பி வலையும் மேலே மூடியும் வைத்துப் புகையடுப்பாக்கி மூன்று வருடம் தாண்டிவிட்டது. அதே மாதத்தில்தான் ஆன்லைனில் 700 ரூபாய்க்கு இறைச்சியில் சாறு ஏற்றும் ஊசியும் வாங்கினேன். 60 மில்லி பிடிக்கும் எஃகுக் குழல், அதோடு மூன்று ஊசிகள். இதுவரை முப்பது தடவைக்குக் குறையாமல் மாட்டு நெஞ்சுக்கறியைப் புகையில் வேகவைத்திருக்கிறேன். அதில் பாதிக்கு ஊசி போட்டிருப்பேன். 'நானும் ஒன்று வாங்கட்டுமா' என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் டெக்சாஸ்காரர்கள் பிரிஸ்கெட் என்று சொல்வது மாட்டின் நெஞ்சுப்பக்கத்துச் சதையைத்தான். மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. அதனால் உடம்புப் பாரத்தில் பெரும்பங்கை இந்தச் சதைதான் தாங்குகிறது. அந்த உழைப்பெல்லாம் நாராகவும் சவ்வாகவும் உள்ளே இருக்கும். அங்கே தானியம் தின்று கொழுத்த இளம் மாடு, சதைக்குள்ளேயே கொழுப்பு ஓடியிருக்கும். மார்த்தாண்டத்தில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் போத்து (எருமைக்கடா) இறைச்சி, கொழுப்பு குறைவு. முதல் தடவை நெஞ்சுக்கறியை வெட்டாமல் ஒரே துண்டாகக் கேட்டபோது கடைக்கார அண்ணன், "மக்களே, இது சட்டியில வேகவே ரெண்டு மணிக்கூர் ஆவும், புகையில எப்பிடி வேகும்?" என்றார். எனக்கும் அதே பயம்தான். அந்தப் பயத்தில்தான் ஊசி வாங்கினேன். உள்ளே சாறு ஏற்றினால் கறி மென்மையாகிவிடும் என்று நம்பினேன்.

அது நடக்கவில்லை. சவ்வில் உள்ள கொலாஜன் என்ற புரதம் 70 டிகிரிக்கு மேல் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டின் ஆகும்போதுதான் கறி இளகும். அதற்கு வேண்டியது சூடும் நேரமும். ஊசி கொண்டுபோவது உப்பையும் தண்ணீரையும் மட்டும்தான். உள்சூடு 85 டிகிரியில் பொறுமையிழந்து இறக்கிய துண்டு, எவ்வளவு சாறு ஏற்றியிருந்தாலும் ரப்பர் மாதிரியே இருந்தது. ஊசியே படாத துண்டை 95 வரை விட்டபோது கரண்டியால் பிய்க்க வந்தது.

சந்தேகம் தீர, போன வருடம் ஒரே மாட்டின் நெஞ்சுக்கறியில் 1½ கிலோ வீதம் இரண்டு துண்டு வாங்கினேன். ஒன்றுக்கு 150 மில்லி உப்பிட்ட எலும்பு சூப்பு ஏற்றினேன். இன்னொன்றுக்கு முந்தின நாள் இரவே கல்லுப்பு மட்டும் தடவி ஃபிரிட்ஜில் வைத்தேன். இரண்டையும் ஒரே வலையில் அடுக்கி, ஒரே புகையில் வேகவைத்து, ஒரே நேரத்தில் இறக்கினேன். எடை போட்டால் ஊசி போட்டது 910 கிராம், போடாதது 870. ஏற்றின 150 மில்லியில் நமக்கு மிஞ்சியது 40 கிராம். மீதி ஊசித் துளை வழியாகவும் நார் சுருங்கும்போதும் வழிந்து அடுப்புக்குள் போய்விட்டது. எது எது என்று சொல்லாமல் வீட்டில் ஆறு பேருக்கு மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) மசித்ததோடு வைத்தேன். நாலு பேர் ஊசி போடாததையே எடுத்தார்கள். மைனி (அண்ணி) சொன்ன காரணம் எனக்கு முக்கியமாகப்பட்டது: "இதுல எறச்சி ருசி இருக்கு, அதுல சூப்பு ருசிதான் இருக்கு."

கத்தியால் சீவிப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். உப்பு மட்டும் தடவின துண்டில் ஓரம் கருத்து, அதற்கு அடியில் இளஞ்சிவப்பு வளையம், பிறகு ஒரே சீரான பழுப்பு. ஊசி போட்டதில் நாருக்கு இடையே சாறு தேங்கின இடங்கள் சின்னச் சின்ன வெளிறிய கோடுகளாக நின்றன. அந்த இடத்தில் உப்பு தூக்கலாகவும் பக்கத்தில் சப்பென்றும் இருந்தது. ஓர் இரவு முழுக்க விட்டால் உப்பு தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கிவிடும். வீட்டில் நாம் வாங்கும் துண்டின் கனத்துக்கு, இரண்டு பக்கமும் தடவினால் அதுவே போதும்.

அப்படியானால் கறியைப் புகையில் வேகவைக்கும் போட்டிகளில் ஏன் பலரும் ஊசி போடுகிறார்கள்? அமெரிக்கப் போட்டிகளில் நடுவர் ஒரு துண்டில் ஒன்றிரண்டு வாய்தான் சாப்பிடுவார், அந்த ஒரு வாயிலேயே ருசி அடித்துத் தூக்க வேண்டும். நாம் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிடப் போகிறோம். மத்திய டெக்சாஸின் பழைய கடைகளில் உப்பும் நல்லமிளகும் விறகுப் புகையும்தான் பிரதானம். வீட்டுச் சமையலுக்கு அந்த வழிதான் பக்கம் என்பது என் எண்ணம்.

போட்டிக்காரர்கள் கலக்கும் பாஸ்பேட் பொடியையும் ஒரு தடவை வாங்கிப் பார்த்தேன். அது சதையின் அமிலத்தன்மையைக் குறைத்து, புரதம் அதிகத் தண்ணீரைப் பிடித்துவைக்கும்படி செய்கிறது. சாறு நின்றது உண்மைதான். ஆனால் கடித்தால் ஸ்பிரிங் மாதிரி துள்ளியது, டப்பா ஹாம் (பதப்படுத்தின பன்றிக்கறி) தின்கிற உணர்வு. மீதிப் பொடியைக் கொட்டிவிட்டேன். மசாலாவும் வேண்டாம். இஞ்சி பூண்டு விழுது ஊசியை அடைத்தது, அழுத்தினபோது சட்டையெல்லாம் தெறித்தது. உள்ளே போன கொஞ்சமும் இறங்கின இடத்திலேயே பச்சைத் திட்டாக நின்றது.

இனிச் சொல்வதை யாரும் விட்டுவிட வேண்டாம். வெட்டாத முழுத்துண்டில் கிருமி பெரும்பாலும் மேல்பரப்பில்தான் இருக்கும், சூடு பட்டதும் செத்துவிடும். ஊசி அதை நடுச்சதைக்கே தள்ளிக்கொண்டு போகிறது. புகையடுப்பில் கறி மெதுவாகச் சூடேறும் என்பதால் 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே அது நெடுநேரம் கிடக்கும். இரண்டாவது வருடம் ஐப்பசி மழையில், சாறு ஏற்றி ஃபிரிட்ஜில் வைத்த துண்டு ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாமல் கிடந்தது. காலையில் வாடை ஒன்றும் இல்லை. இருந்தும் இரண்டு கிலோவையும் குழி தோண்டிப் புதைத்தேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்போது ஊசி போடுவதென்றால் அடுப்பில் வைப்பதற்குச் சற்று முன்புதான், குளிர்ந்த சாறு மட்டும்தான்.

ஊசி உழைக்கிறதா என்றால், குழலுக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம்தான் கொழுப்பில் ஊறித் தளர்ந்துவிடுகிறது, இது மூன்றாவது வளையம். சோப்பு வெந்நீரை உறிஞ்சிப் பீய்ச்சிக் கழுவி, ஊசியை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு பெட்டியில் போட்டதால் ஒரு ஊசி துருப்பிடித்துப் போனது.

முழுக்க வீண் என்றும் சொல்ல மாட்டேன். நெஞ்சுக்கறியில் இரண்டு பாகம் உண்டு. கொழுப்போடு தடித்திருப்பது ஒன்று, மெல்லிசாகத் தட்டையாக இருப்பது ஒன்று. தட்டைப் பாகம் மட்டும் கிடைத்து, அதிலும் கொழுப்பே இல்லையென்றால் ஊசி உதவுகிறது. கிலோவுக்கு 80 மில்லிக்கு மேல் வேண்டாம். வடிகட்டின எலும்பு சூப்பும் உப்பும் போதும். நாரின் போக்கிலேயே ஊசியைச் செருகி, வெளியே எடுத்துக்கொண்டே அழுத்த வேண்டும். கிலோவுக்கு மொத்தம் 12 கிராம் உப்பு என்று வைத்து, ஊசியில் போனதைக் கழித்து மிச்சத்தை மட்டும் வெளியே தடவுங்கள். நான் உள்ளேயும் வெளியேயும் உப்பை அள்ளிப் போட்டு ஒரு துண்டைக் கருவாடாக்கியிருக்கிறேன்.

மற்ற நாட்களில் என் வழி வேறு. குமரி மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பைப் பொடித்து முந்தின இரவே தடவுவேன். காலையில் ஒன்றிரண்டாக இடித்த நல்லமிளகு. சிரட்டைக்கரித் தணலில் காய்ந்த கொய்யா விறகு இரண்டு துண்டு, டிரம்முக்குள் 110 முதல் 120 டிகிரி. உள்சூடு 70 பக்கம் வந்ததும் மேலே ஏறாமல் நின்றுவிடும், ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விப்பதால் வருகிற நிறுத்தம் அது. அப்போது வாட்டிய வாழை இலையில் பொதிந்து, மேலே அலுமினியத் தாள் சுற்றிவிடுவேன். 95 வந்ததும் இறக்கி, தெர்மாகோல் பெட்டியில் மூடி ஒன்றரை மணி நேரம். இலையைப் பிரிக்கும்போது அடியில் தேங்கி நிற்கும் சாறு இருக்கிறதே, அதைச் சீவின கறியின் மேல் திரும்ப ஊற்றுங்கள். ஊசியில் ஏற்ற நினைத்த சாறு எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு நாலு கிலோ சொல்லிவைத்திருக்கிறேன், கொழுப்புப் பாகம் சேர்த்தே வேண்டும் என்று. அது கிடைத்தால் ஊசி பெட்டியிலேயே இருக்கும்.